கலவை அறையில் ஓங்காத கை

உறுதிசெய்யப்பட்ட செய்திகளை மட்டுமே இங்கு எழுதுகிறேன். அதற்குக் காரணம் உண்டு. என் கோபத்தைப் பற்றி நான் முன்பு நான்கு கூட்டங்களில் சாட்சி சொல்லியிருக்கிறேன். எங்கள் சபைகளில் அது வழக்கம். தம் வாழ்வில் ஆண்டவர் செய்ததை ஒருவர் ஒலிவாங்கியின் முன் நின்று சொல்வார். கேட்போர் துதி சொல்லி மறுமொழி தருவர். முதற்கூட்டத்தில், மனைவியை அறைந்தேன் என்று சொன்னேன். இரண்டாவதில், அரிவாளை எடுத்தேன் என்றேன். மூன்றாவதில் அந்த அரிவாள் அவள் கழுத்தருகே போயிருந்தது. எங்கள் வீட்டில் அரிவாள் இருந்ததே இல்லை. மீன் நறுக்க ஓர் அரிவாள்மனை மட்டும் உண்டு. பாவம் பெரிதாக இருந்தால் மீட்பும் பெரிதாகத் தோன்றும் என்று என் மனம் கருதியது. கேட்டவர்களின் குரல் உயர உயர என் பொய்யும் உயர்ந்தது.

ஆகவே, நான் செய்ததாக இங்கு எழுதுபவை எல்லாம் என் மனைவியோ மகளோ என்னிடம் அடிபட்ட தொழிலாளியோ ஆம் என்று ஒப்புக்கொண்டவை. அவர்கள் மறுத்தவற்றை விட்டுவிட்டேன். என் உள்ளத்தில் நிகழ்ந்தவற்றுக்கு மட்டும் வேறு சான்று இல்லை. அவற்றை இயன்றவரை சுருக்கியிருக்கிறேன்.

தமிழ் இலக்கியத்தை முறையாகப் பயின்றவன் நான். ஆசிரியப் பணி வாய்க்கவில்லை. வெம்பக்கோட்டைப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மேற்பார்வை பார்க்கும் போர்மேனாகச் சேர்ந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. அங்கு வெடிமருந்து கலக்கும் கலவை அறை மற்ற அறைகளிலிருந்து விலகித் தனியே நிற்கும். உள்ளே நுழையுமுன் சட்டைப்பையைக் காலி செய்ய வேண்டும். செருப்பைக் கழற்ற வேண்டும். வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்க வேண்டும். இரும்பு கூடாது. இருவருக்கு மேல் நிற்கக் கூடாது. மருந்துத் தட்டைத் தரையில் இழுக்கக் கூடாது. தூக்கித்தான் வைக்க வேண்டும். ஓர் உராய்வு போதும். பக்கத்து வளாகத்தில் ஒரு கலவை அறை வெடித்தபோது நானும் ஓடினேன். கூரை இல்லை, சுவர் இல்லை, கம்பி வேலியில் கருகிய சேலைத்துண்டு ஒன்று தொங்கியது. அதற்குமேல் எழுதமாட்டேன். அதை எழுதலாமா என்று அந்தக் குடும்பத்தை நான் கேட்கவில்லை.

ஒரு நாள் முற்பகல், கலவை அறையில் இருந்த தொழிலாளி மருந்துத் தட்டைத் தரையோடு இழுத்தார். நாரணாபுரத்துக்காரர், என்னைவிட நான்கு வயது இளையவர். என் மண்டைக்குள் இரத்தம் ஏறியது. ஆனால் என் குரல் தாழ்ந்தது.

"தம்பி, தட்ட மெதுவா வைப்பா. கைய எடு. வெளிய வா."

அவர் வந்தார். நான் முன்னே நடந்தேன். ஏறக்குறைய நாற்பதடி தள்ளி, எல்லாரும் சோறுண்ணும் மரத்தடி வரையில் அவரிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. அங்கே திரும்பி அவர் வாயில் அறைந்தேன். உதடு கிழிந்தது. இரண்டாம் அறையில் கீழே விழுந்தார். விழுந்தவரின் விலாவில் மிதித்தேன். அவர் துப்பிய இரத்தத்தோடு ஒரு பல்லும் மண்ணில் விழுந்தது. மூன்று பேர் சேர்ந்து என்னை இழுத்தார்கள். எல்லார் உயிரையும் காக்கத்தான் அடித்தேன் என்று முதலாளியிடம் விளக்கினேன். அவரும் அதை ஏற்றுக்கொண்டார். அதன்பின் திரி கிள்ளும் பெண்கள் புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் சொல்லிச் சிரிப்பதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன்: "போர்மேன் கத்துனா பயப்படாதடி. மெதுவாப் பேசுனாத்தான் பல்ல எண்ணி வச்சுக்கிடணும்."

என் வீடு திருத்தங்கலில். மனைவி விருதுநகரில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். எங்களுக்கு ஒரே மகள். இப்போது சொல்லப்போகும் நாளில் அவளுக்குப் பன்னிரண்டு வயது. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்து, உண்ணுமுன் குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். ஞாயிறு பள்ளிப் போட்டிக்காக மகள் மனனம் செய்திருந்த வேதாகமச் சங்கீதத்தைச் சொல்லச் சொன்னேன். ஒரே இடத்தில் மூன்று முறை தடுமாறினாள். என் கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை அவள் முகத்தில் எறிந்தேன். கெட்டி அட்டையின் முனை புருவத்தைக் கிழித்தது. அவள் அழவில்லை. அழாததே எனக்கு மேலும் வெறியூட்டியது. எழுந்தேன். மனைவி குறுக்கே வந்தாள். விரித்த கையால் அவள் இடக்காதில் அறைந்தேன். கதவு நிலையில் தலை மோதி விழுந்தாள். கூந்தலைப் பற்றிக் கூடத்தின் மறுமூலை வரை இழுத்தேன். மிதித்தேனா என்பது எனக்கு நினைவில்லை. மிதித்தேன் என்று மகள் சொல்கிறாள், ஆகவே மிதித்தேன்.

மனைவி சுவரைப் பிடித்து எழுந்தாள். காதில் வைத்த விரலை எடுத்துப் பார்த்தாள். நோயாளியைப் பற்றிப் பேசும் குரலில், "செவிப்பறை கிழிஞ்சிருச்சு" என்றாள். பிறகு மகளிடம், "பாப்பா, புருவத்தத் துணியால அமுக்கிக்கோ. பைய எடு" என்றாள்.

இருவரும் பேருந்து ஏறி, அவள் வேலை செய்யும் மருத்துவமனைக்கே சென்றார்கள். வழுக்கி விழுந்தீர்களா என்று மருத்துவர் கேட்டாராம். உடன் வேலை செய்வோர் சுற்றி நிற்க, "இல்ல டாக்டர். எங்க வீட்டுக்காரர் அடிச்சாக" என்று அவள் சொன்னாள். அச்சொற்கள் சீட்டில் எழுதப்பட்டன. அந்தச் சீட்டை நான் பார்த்திருக்கிறேன். மகளின் புருவத்தில் மூன்று தையல். அன்று போனவர்கள் திருத்தங்கலுக்குத் திரும்பவில்லை. விருதுநகரில் ஒரு சிறிய வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

நான் உபவாசம் இருந்தேன். கூட்டங்களுக்குப் போனேன். கோபத்தின் ஆவி ஒன்று என்னைப் பிடித்து ஆட்டியதாகவும் இப்போது அது துரத்தப்பட்டதாகவும் சொல்ல அங்கேதான் கற்றுக்கொண்டேன். அந்தச் சொல் எனக்கு இனித்தது. அடித்தது நானல்லேன் என்றாயிற்று. மனைவி இதைக் கேள்விப்பட்டு வீடு திரும்புவாள் என்று உறுதியாக நம்பினேன். நான் வேண்டியதெல்லாம் அதுதான்.

நான்காம் கூட்டம் விருதுநகரில் ஒரு மண்டபத்தில், பிற்பகலில் நடந்தது. அரிவாள் வரையில் சொல்லி வந்திருந்தேன். பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் என் மனைவி எழுந்தாள். அருகில் மகள்.

"ஒரு கேள்வி கேக்கணும்."

"சாட்சி நேரத்துல குறுக்க பேசக் கூடாதும்மா, உக்காருங்க" என்றார் கூட்டம் நடத்தியவர்.

"நானும் சாட்சி சொல்லத்தான் எந்திரிச்சேன்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "இத்தன வருசத்துல மருந்து ரூமுக்குள்ள யாரையாச்சும் அடிச்சிருக்கீகளா?"

"இல்லை" என்றேன்.

"கோவமே வந்ததில்லையா?"

"வந்திருக்கிறது."

"அங்கன அடிச்சா நீங்களும் செத்துருவீக. இங்கன அடிச்சா நாங்க மட்டுந்தான். அம்புட்டுதான் வித்தியாசம். உங்களப் பிடிச்ச பிசாசு அம்புட்டு விவரமானதா? கம்பெனி வாசல்ல செருப்போட சேந்து அதுவும் வெளிய நின்னுக்கிடுமா?"

பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்த ஒலிவாங்கித் தண்டைப் பிடுங்கி அவள்மீது எறிய விரும்பினேன். விரல்கள் இறுகியது நினைவிருக்கிறது. எறியவில்லை. மண்டபம் நிறைய மனிதர்கள் இருந்தார்கள். அவள் கேட்ட கேள்விக்கு என் கை அங்கேயே விடை சொல்லிவிட்டது. மரத்தடி வரை நடந்த அந்த நாற்பதடியும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அடக்க முடியாத கோபம் என்று ஒன்று என்னிடம் இருந்ததே இல்லை. அடங்க வேண்டிய இடத்தை அது நன்றாக அறிந்திருந்தது.

மறுநாள் எங்கள் திருத்தங்கல் சபையின் போதகரிடம் சென்று நடந்ததைச் சொன்னேன். அவர் ஆறுதல் கூறவில்லை.

"கோபம் வந்துருச்சு, ஆவி ஆட்டிருச்சுன்னு இனி என்கிட்டச் சொல்லாதீக. அடிச்சேன்னு சொல்லுங்க. யாரை, எங்கன, எத்தன தடவைன்னு ஆண்டவர்கிட்டச் சொல்லுங்க. அடிபட்டவுககிட்டயும் போய்ச் சொல்லுங்க. உங்க வீட்டம்மா சரின்னு சொல்லுற வரைக்கும் நீங்க திருவிருந்துக்கு முன்னால வரவேண்டாம்."

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அனைவரும் வரிசையாகப் பலிபீடத்தின் முன் சென்று முழங்காலிட்டு அப்பமும் பாத்திரமும் பெறும்போது நான் கடைசி இருக்கையில் அமர்ந்திருந்தேன். "என்ன சார், உங்களுக்குப் பசிக்கலையா?" என்று ஒருவர் தோளைத் தட்டிக் கேட்டார். அவர் தாடையை உடைக்க வேண்டும் என்று தோன்றியது. ஆலயம் ஆகையால் உடைக்கவில்லை. அதையும் அன்றைய பாவங்களோடு சேர்த்து அறிக்கையிட்டேன்.

நாரணாபுரத்துத் தொழிலாளியின் வீட்டுக்குச் சென்றேன். வாசலில் முழங்காலிட்டேன்.

"பல்லு போனது எனக்கு, முழங்காலு போடுறது நீங்களா?" என்றார். "எந்திரிங்க சார், பிள்ளைக பாக்குதுக." எழுந்தேன். "மன்னிச்சேன்னு சொல்லமாட்டேன். கறி கடிக்கும்போதெல்லாம் உங்க நெனப்பு வருது. ஆனா வந்தீகல்ல, ஒரு வாய் காப்பி குடிங்க."

குடித்தேன்.

அவ்வாண்டு பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி நேர ஆராதனையில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வேதப்பகுதி வாசிக்கப்பட்டது. கட்டுண்டு நின்ற இயேசுவைக் காவலர்கள் கன்னத்தில் அறைந்த இடம் வந்தது. சிறுவயது முதல் அந்த இடத்தில் கண்கலங்குகிறவன் நான். எப்போதும் அறையப்பட்டவரின் பக்கத்தில் நிற்பதாகவே எண்ணிக்கொண்டு கலங்கியிருக்கிறேன். அன்று, அறைந்தவனின் உள்ளங்கை எனக்குத் தெரிந்தது. விரித்த கை, இடப்பக்கம். இருக்கையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, அடித்தேன், அடித்தேன் என்று வாய்க்குள் சொன்னேன். ஒளி தோன்றவில்லை. குரல் கேட்கவில்லை. கலவை அறையில் என் தோலுக்கு நான் அஞ்சினேன். பிறர் தோலுக்கு அப்படி அஞ்ச எனக்குக் கற்றுத்தாரும் என்று வேண்டினேன். இன்றுவரை என் ஜெபம் அவ்வளவே.

மனைவியின் அனுமதியோடு ஞாயிறுதோறும் விருதுநகர் சென்று, கதவைத் திறந்தே வைத்து, ஒரு மணி நேரம் இருந்து வருவேன். ஒரு நாள் மகள் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் எழுத்தில் ஒரு பிழையைச் சுட்டினேன். நிமிராமலே, "திருத்துங்கப்பா. அடுத்தது எந்தப் புருவம்?" என்றாள்.

அங்கே மண்டபம் இல்லை, ஆலயம் இல்லை, மருந்தும் இல்லை. கையருகே சூடான தேநீர்க் குவளை இருந்தது. அதைக் கையில் தூக்கிவிட்டேன். அவள் முகம் எவ்வளவு தொலைவு என்று என் தோள் அளந்துவிட்டது. மனைவி அடுக்களை வாயிலில் அசையாமல் நின்றாள். அடிக்கப்போகிறேன் என்று உரக்கச் சொன்னேன். ஆண்டவரிடமா அவர்களிடமா, அறியேன். குவளையைத் தரையில் வைத்தேன். தேநீர் என் காலில் சிந்தியது. வெளியே போய்த் தெருவில் நின்றேன். எனக்குப் பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது. சற்று நேரம் கழித்துச் சன்னல் வழியே மனைவி சொன்னாள்:

"இன்னைக்குப் போயிருங்க. அடுத்த ஞாயிறு வாங்க."

அடுத்த ஞாயிறு சென்றேன். அதற்கடுத்த ஞாயிறும் சென்றேன். அந்தக் குவளையை வைத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டன. இடையில் கோபம் பலமுறை வந்தது. வீட்டிலோ வேலையிலோ ஒருவரையும் அடிக்கவில்லை. இதை மனைவியும், வேலையில் உடனிருக்கும் நாரணாபுரத்தாரும் உறுதிசெய்கிறார்கள்.

சென்ற மாதம் முதல் ஞாயிறு அவள் திருத்தங்கல் ஆலயத்துக்கு வந்தாள். ஆராதனைக்கு முன் போதகரிடம் சென்றாள். நான் அருகில் நின்றேன். கேட்கும் காது அவர் பக்கம் இருக்குமாறு சற்றுத் திரும்பி நின்று, "இவுகளுக்குக் கொடுங்க ஐயா" என்றாள்.

"வீட்டுக்கு வந்துட்டீகளாம்மா?"

"அது வேற. இது வேற."

அன்று பலிபீடத்தின் முன் முழங்காலிட்டேன். அப்பம் பெற இடக்கையின்மேல் வலக்கையை விரித்து நீட்ட வேண்டும். நீட்டினேன். ஆராதனை முடிந்ததும் அவள் விருதுநகர்ப் பேருந்தில் ஏறிப் போனாள்.

எனக்குத் தெரியாதவை இவை. அவளும் மகளும் என்னோடு மீண்டும் ஒரே வீட்டில் வாழ்வார்களா என்பது தெரியாது. மகள் என்னை மன்னித்தாளா என்பது தெரியாது, அவள் சொல்லவில்லை. அவர்கள் வந்து, கதவு சாத்தப்பட்டு, பார்ப்பதற்கு வேறொருவரும் இல்லாத ஒரு நாளில் என் கை ஓங்காமல் இருக்குமா என்பது எனக்குத் தெரியாது.