பின்னிதழின் நடு மடிப்பு

எகிப்தின் அஸ்யூத் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் நடத்திய வஜீஹ் சித்ராக்குக்கு உலகத்தில் பிடித்தவை இரண்டு. இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் ஈரிதழ் வால்வு ஒன்று, தன்னுடைய குரல் இன்னொன்று. இரண்டும் கூடும் வகுப்பில் மின்விசிறிகூடச் சலித்துப்போய்ச் சுற்றும்.

"பிஷப் தொப்பி மாதிரி இருக்காம், புத்தகத்துல போட்டிருக்கான். எந்த பிஷப்? ரோமாபுரிக்காரன்! நம்ம காப்டிக் சபை பிஷப்போட கறுப்புத் தலைப்பாகையப் பாத்து வால்வ வரைஞ்சா பரீட்சைல முட்டைதான். முன்னிதழ் நெட்டை, ஆனா வளையத்துல மூணுல ஒரு பங்குதான் அதுக்கு. பின்னிதழ் குட்டை, மிச்ச வளையம் பூரா புடிச்சிக்கும். எங்க வீட்டு சோஃபால என் மச்சான் மாதிரி."

அந்த மச்சான் நான்தான்.

போன குளிர்காலத்தில் அவருக்குப் படியேறினால் மூச்சு வாங்கியது. முதலில் படிகளைத் திட்டினார், பிறகு என் அக்கா தஹானியின் சமையலை.

"டாக்டர்கிட்ட போய்த் தொலைங்களேன்!" என்றாள் அக்கா.

"என் இதயத்தப் பத்தி எனக்கே ஒருத்தன் சொல்லணுமா?"

சொல்ல வேண்டித்தான் வந்தது. வகுப்பில் பேச்சை முடிக்காமலே உட்கார்ந்துவிட்டார். அதுவரை நடக்காத காரியம். மாணவர்கள் பயந்துபோய் என்னைக் கூப்பிட்டார்கள்.

ஸ்கேன் எடுத்தவன் ஹாஸிம். ஒரு காலத்தில் இவர் ஃபெயிலாக்கிய பையன், இப்போது இதய மருத்துவன்.

"பின்னிதழ்லதான் சார் பிரச்சினை..."

"எந்த மடிப்பு? மூணு இருக்கே."

"நடு மடிப்பு. அதப் புடிச்சிருந்த நாண் அறுந்துபோச்சு. கீழறை சுருங்குறப்ப இதழ் மேலறைக்குள்ள கவுந்துடுது, ரத்தம் திரும்பி ஓடுது."

"நாண் எங்கேருந்து வருது?"

"சார், நீங்க இப்ப பேஷண்ட்."

"சொல்லுப்பா."

"கீழறைல இருக்குற ரெண்டு காம்புத் தசைலேருந்து."

"ம். பாஸ்."

சொல்லிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை என் கையைத் தேடிப் பிடித்தது, சில்லென்று.

கெய்ரோவில் ஹாஸிமே ஏற்பாடு செய்த அறுவைசிகிச்சையில் புது நாண் தைத்து, வால்வைச் சுற்றிச் செயற்கை வளையம் பொருத்தினார்கள். கண் விழித்தவர் மனைவியை விசாரிக்கவில்லை. வளையத்தின் அளவை விசாரித்தார்.

வீடு திரும்பியதும் அக்கா பிடித்துக்கொண்டாள். "அந்தப் பையனுக்கு நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

சொல்லத்தான் போன் போட்டார். பின்னிதழில் ஆரம்பித்தார். ஹாஸிம் போனை மேஜைமேல் வைத்துவிட்டு, காத்திருந்த நோயாளிகளையெல்லாம் பார்த்து முடித்துவிட்டானாம். திரும்ப எடுத்தபோது முன்னிதழுக்கு வந்திருந்தாராம்.