மாட்டுத் தரகர் வாங்கிய ஹார்ப்சிகார்டு

சிலமலை மொக்கச்சாமி முப்பது வருடத்தில் எந்த மாட்டையும் நல்ல மாடு என்று சொன்னதில்லை; வாங்கி முடிக்கும்வரை சொன்னதில்லை. மாட்டுத் தரகு அப்படித்தான். கண்ணுக்குப் பிடித்துவிட்டால் முகத்தைச் சுளிக்க வேண்டும். ரொம்பவும் பிடித்துவிட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். விற்கிறவர் பின்னாலேயே வந்து விலையைக் குறைப்பார்.

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டம் கைமாறுகிறது, எல்லாம் விற்பனைக்கு என்று கேள்விப்பட்டு, தன் வீட்டுக்கே ஒரு கறவை வாங்கப் போனார். பிக்கப் வண்டியை ஓட்டி வந்தவன் மனைவியின் தம்பி முத்துக்கண்ணன். மேனேஜர் ஜோஸ் காட்டிய சிவப்புப் பசுவைச் சுற்றிவந்து, மடி சிறுசு, நடை கோணல், வால் குட்டை என்று அடுக்கினார் மொக்கச்சாமி. அருமையான பசு. பாதி விலைக்கு இறங்கிவிட்டார் ஜோஸ்.

"ஒரு கட்டன் சாயா குடிச்சிட்டு முடிக்கலாம் சேட்டா" என்று பங்களாவுக்குள் அழைத்தார்.

கூடத்தில் ஒரு பெட்டி நின்றது. மெலிந்த கால்கள், பின்னால் நீண்டு ஒடுங்கிய உடம்பு, திறந்த வாய். பழக்கதோஷத்தில் மொக்கச்சாமி பல்லைப் பார்த்தார். கீழ்வரிசை கறுப்பு, மேல்வரிசை வெள்ளை. ஒன்றை அமுக்கினார்.

சிலுங்!

முன்னால் கிடந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அறுபது வயதில் இப்படி ஆனால், காலை மாத்திரையைப் போட்டோமா என்றுதான் முதலில் யோசிக்க வேண்டும். போட்டிருந்தார். இன்னொன்றை அமுக்கினார். சிரிப்பு வந்தது. பத்து விரலையும் வைத்தார். மலையில் பெய்யும் சாரல் முழுக்கத் தகரத்தின் மேல் விழுந்ததுபோல் ஓர் ஓசை.

"அது ஹார்ப்சிகார்டு. பழைய முதலாளி மருமக வெளிநாட்டுலேருந்து கொண்டுவந்தது. பியானோ கம்பிய அடிக்கும், இது சுண்டும்" என்றார் ஜோஸ். "வாங்க ஆளில்ல. நாளைக்கு ஒடச்சு ஸ்டோர் அடுப்புல போடணும். ஏலக்கா ஒணத்த வெறகு பத்தல."

"அடுப்புலயா?" மொக்கச்சாமி பெட்டியைக் கட்டிக்கொள்ளாத குறை.

முத்துக்கண்ணன் காதைக் கடித்தான். "மாமா, கொறை சொல்லுங்க. வெறகு வெலைக்கே தந்துருவாரு."

மொக்கச்சாமி தொண்டையைச் செருமினார். "பல்லு கறுத்துப்போச்சு சார். ஆனா என்னமா கறுத்திருக்கு! காலு ஒல்லி. மான் காலு மாதிரி, பாத்தீங்களா?"

ஜோஸ் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப இதுக்கும் ஒரு வெல இருக்கு."

"ஐயோ மாமா, பேசாம செருப்ப மாட்டிட்டு வெரசா வெளிய நடங்க!"

நடந்தார். வாசற்படி தாண்டவில்லை, உள்ளே ஜோஸ் சும்மா ஒரு கட்டையைத் தட்டினார். சிலுங். மொக்கச்சாமி செருப்புக் காலோடு திரும்பி ஓடி வந்தார்.

"வெலைய நீங்களே சொல்லுங்க சார். எனக்கு இது வேணும்."

முப்பது வருடத் தொழில் அந்த ஒரு பேச்சில் போயிற்று. பசுவுக்கு முதலில் சொன்ன முழு விலையைச் சொன்னார் ஜோஸ். மடியில் இருந்த பணம் அவ்வளவுதான். அப்படியே அவிழ்த்துக் கொடுத்தார்.

"அக்கா ஒங்களக் கொன்னுபோடும்" என்றான் முத்துக்கண்ணன்.

"கொல்லட்டும் மாப்ளே. நீ அந்தக் கால் பக்கம் புடி."

பசுவுக்குப் பரப்பிய வைக்கோலில் ஹார்ப்சிகார்டு ஏறியது. ஒவ்வொரு கொண்டையூசி வளைவிலும் அது தானாகக் கத்தியது. கூடவே மொக்கச்சாமியும் கத்தினார். காய் பறித்துத் திரும்பும் பெண்கள் ஜீப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"என்னண்ணே, கல்யாண மேளமா?"

"ஆமாத்தா, பொண்ணக் கூட்டிட்டுப் போறேன். ஒதுங்குங்க!"

வீட்டு வாசலில் மனைவி செல்லத்தாய் மஞ்சள் தண்ணீர்ச் செம்பும் குங்குமத் தட்டுமாகப் பசுவை எதிர்பார்த்து நின்றார். வண்டியின் பின்கதவு இறங்கியது.

"பசு எங்க?"

"இதுதான்."

"எத்தன லிட்டரு கறக்கும்?"

மொக்கச்சாமி வண்டியில் ஏறினார். வைக்கோலில் மண்டியிட்டு ஒரு கட்டையை மட்டும் அமுக்கினார். செல்லத்தாய் தம்பியை முறைத்தார். தம்பி வானத்தைப் பார்த்தான்.

"தள்ளுங்க" என்று வண்டியில் ஏறினார் செல்லத்தாய். ஒன்றை அமுக்கினார். அடுத்ததை. அதற்கு அடுத்ததை. கடைசிக் கட்டைவரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"நாளையிலேருந்து பால்காரன்கிட்ட நீங்கதான் போயி நிக்கணும்" என்றார். பிறகு தட்டிலிருந்த குங்குமத்தை விரலில் தொட்டுக்கொண்டு கேட்டார்: "இதுக்கு நெத்தி எது?"