எல்லோரும் ஒரே இடத்தில் நின்ற ஓட்டம்

வெள்ளிக்கிழமை பின்னேரம் பணி முடிந்ததும் சீருடையைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடப்பேன். பல்கலைக்கழகம் தீவின் மறுபக்கத்தில் இருந்தது. சனியும் ஞாயிறும் விரிவுரை. திங்கட்கிழமை காலையில் திருகோணமலைத் துறைமுகத்துக்குள் இருக்கும் முகாமின் மைதானத்தில், கடற்படையின் உடற்பயிற்சி ஆசிரியனாக, மற்றவர்களை ஓடச் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். நான் படித்தது உடற்பயிற்சி அறிவியல். நித்திரைக் குறைவு தசைகளை என்ன செய்கிறது என்ற விரிவுரையின் நடுவில் நான் நித்திரையாகிப் போனேன். பக்கத்துக் கதிரையில் இருந்தவர் முழங்கையால் இடித்து எழுப்பினார்.

படைக்கு வருமுன் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு இந்த மாவட்டத்திலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். பார்த்ததை மட்டும் எழுத அங்கே பழகினேன். அது படிப்புக்கு உதவியது. விரிவுரை ஆங்கிலத்தில், முகாம் சிங்களத்தில், வீடு தமிழில் நடந்தது உதவவில்லை. திங்கட்கிழமைகளில் எந்த மொழியிலும் முழுதாக ஒரு வசனம் வராது. உப்புவெளியில் வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே மனைவி முகத்தைப் பார்த்து, "கதைக்க வேண்டாம், முதல்ல போய்ப் படுங்கோ" என்பாள்.

படிக்க அனுமதி தந்த அதிகாரி ஒரு நிபந்தனை வைத்திருந்தார். ஒரு பாடம் தவறினாலும் வார இறுதி விடுப்பு நின்றுவிடும். விடுப்பு நின்றால் பட்டமும் இல்லை. அத்தனை வருட பஸ் பயணமும் கடைசியில் ஒரு சிறிய ஆய்வில் வந்து நின்றது.

ஆய்வு எளிமையானது. இருபது மீற்றர் இடைவெளியில் இரண்டு கோடுகள். ஒலிபெருக்கி 'பீப்' என்று அடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கோட்டிலிருந்து மற்றக் கோட்டுக்கு ஓட வேண்டும். போகப் போக ஒலிகள் நெருங்கி வரும். இனி ஏலாது என்ற இடத்தில் ஓடுபவர் தானாக நிற்க வேண்டும். அவர் நின்ற இடம்தான் அவருடைய தாங்குசக்தியின் அளவு. ஓடுபவர்கள் தங்கள் விருப்பத்தின்பேரில் வர வேண்டும் என்பது பல்கலைக்கழகத்தின் விதி.

விருப்பமுள்ளவர்கள் தேவை என்று மூத்த மாலுமி ஒருவரிடம் சொன்னேன். ஓய்வுக்குக் கிட்ட நின்ற, முழங்கால் தேய்ந்த, நல்ல மனிதர். அடுத்த நாள் காலை விருப்பமுள்ளவர்களை மூன்று வரிசையாக அணிவகுத்துக் கூட்டிவந்து எனக்கு முன்னால் நிறுத்தினார். எப்போது வேண்டுமென்றாலும் நிற்கலாம் என்று சிங்களத்தில் விளக்கினேன். எல்லோரும் ஒரே குரலில் "சேர்" என்றார்கள். பெடியன்களுக்கு உற்சாகம் கொடுப்பதற்காகத் தானும் ஓடுகிறேன் என்று அவரும் கோட்டில் வந்து நின்றார்.

ஓட்டம் ஒழுங்காக நடந்தது. அவர் மூச்சு வாங்கி நின்றார். அவரை விட அரைவாசி வயதுள்ள மாலுமிகளும் அதே கோட்டில் வரிசையாக நின்றார்கள். நான் அளவுகளைக் குறித்துக்கொண்டேன். எனக்கு அதில் எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. மூத்தவர் நின்ற பிறகு இளையவர் ஓடுவதில்லை. அந்த இடத்தில் நானும் நின்றிருப்பேன்.

மேற்பார்வை விரிவுரையாளருக்கு அது உடனே பட்டது. இத்தனை பேருடைய நுரையீரலும் ஒரே அளவா என்று கேட்டார். இவை ஓட்டமே நடத்தாமல் மேசையில் இருந்து எழுதிய எண்கள் என்று நினைத்தார். நடந்ததைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இது தாங்குசக்தி அல்ல, பதவி வரிசை என்றார். இன்னொரு முறை பார்ப்பேன், அதுவும் சரியில்லை என்றால் ஏற்க முடியாது என்றார்.

அடுத்த முறை மூத்தவரைத் தேநீர் குடிக்க அனுப்பிவிட்டு ஓட்டத்தை நடத்தினேன். அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவர் நின்ற இடத்தில் எல்லோரும் நின்றார்கள்.

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே, "ஒருத்தற்ற சொல்லையும் கேளாத ஆக்கள்தானே உங்களுக்கு வேணும்? கரைவலைக்காரரைக் கேளுங்கோவன்" என்றாள்.

கடற்கரையில் நின்று கரைவலை இழுக்கும் மீனவர்களோடு எனக்கு முகப்பழக்கம்தான். நான் எங்கே வேலை செய்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரியும். தலையாட்டுவார்கள், நின்று கதைக்க மாட்டார்கள். வலை ஏறி முடிந்த ஒரு பின்னேரம் போய்க் கேட்டேன்.

"நேவிக்கு ஓடிக் காட்டச் சொல்லுறீங்களோ?" என்றார் அவர்களில் மூத்தவர். "தம்பி, நேவியைக் கண்டு நாங்கள் ஓடினது போதாதோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"நேவிக்கில்லை அண்ணை. என்ர படிப்புக்கு."

"படிப்பு உங்கடயெண்டா நீங்களெல்லோ ஓடோணும்?"

"நாங்கள் ஓடாட்டி என்ன செய்வீங்கள்?" என்று ஒரு மெலிந்த மனிதர் கேட்டார்.

"ஒண்டும் செய்யேலாது. போயிடுவன்."

"இடையில நிண்டா?"

"நிக்கலாம். எப்ப ஏலாதோ அப்ப நிக்கலாம்."

"அப்ப நான் இப்பவே நிண்டிட்டன்" என்று தொந்தி வைத்த ஒருவர் தோணியின் விளிம்பில் போய் இருந்துகொண்டார்.

ஓடாவிட்டால் என்ன என்ற கேள்வியை முகாமில் ஒருவரும் கேட்டதில்லை. அது எனக்கு அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது.

மூத்தவர் பீடியை மணலில் குத்தி அணைத்தார். "வாங்கோடா, பாவம், மனிசன் சோதினை பாஸ் பண்ணட்டும்" என்றார். அவர் ஓட வரவில்லை.

கரையோரம் இருந்த தேவாலயத்துக்குப் பின்னால், இறுகிய தரையில் இரண்டு துடுப்புகளைப் போட்டுக் கோடாக்கினேன். வெறுங்காலுடன் ஓடினார்கள். ஒருவர் சாரம் அவிழ்ந்ததால் நின்றார். ஒருவர் மீன் லொறியின் சத்தம் கேட்டதும் ஓட்டத்தையும் என்னையும் விட்டுவிட்டு வீதிக்குப் போனார். ஒருவர் எனக்கு அலுத்துப்போச்சு என்றார். மெலிந்தவர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தார்.

"டேய், ஆரடா உன்னைத் துரத்துறது?"

"பின்னால பாரடா, மனிசி வாறாள்!"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் கோட்டுக்கு எட்டாமல் நடுத்தரையில் நின்று, முழங்காலில் கையை ஊன்றி, "ஏலாது" என்றார். யாரையும் பார்த்து நிற்கவில்லை. அவருடைய மூச்சு அங்கே முடிந்திருந்தது. நான் அந்த இடத்தைக் குறித்தேன். பிறகு இன்னும் இரண்டு பின்னேரங்கள், வேறு ஆட்கள். ஒரே அளவில் இரண்டு பேர் கிடைப்பதே அரிதாக இருந்தது.

விரிவுரையாளர் எண்களைக் கைத்தொலைபேசியில் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். இவர் ஏன் இவ்வளவு கெதியாக நின்றார் என்று கேட்டார். மீன் லொறி வந்தது என்றேன். அந்த ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காதே, ஆனால் காரணத்தை எழுது என்றார். ஆய்வை ஏற்றுக்கொண்டார். மாலுமிகளின் ஓட்டம் குறைபாடுகள் என்ற பகுதியில் ஒரு பந்தியாகப் போனது.

திரும்பி வந்ததும் மனைவி, "பாஸோ?" என்றாள்.

"ஓம்."

"சந்தோசமில்லையோ?"

"இருக்கு. படுத்தெழும்பிச் சொல்லுறன்."

அடுத்த நாள் முகாமில் அந்த மூத்த மாலுமி என்னைத் தேடி வந்தார். அன்று ஓடியதற்குப் பிறகு முழங்காலில் கட்டிய பட்டி இன்னும் இருந்தது. ஆய்வு ஏற்கப்பட்டது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பெடியன்களின் ஓட்டம் உதவியதா என்று கேட்டார். முகம் மலர்ந்திருந்தது. வெயிலில் அவருக்கு முன்னால் நேராக நின்றேன். அந்த ஓட்டத்தைக் குறைபாடு என்று ஒரு பந்தி முழுக்க எழுதியதை நினைத்தேன்.

"ஓம் சேர்" என்றேன் சிங்களத்தில்.

அடுத்த முறை இன்னும் அதிகம் பேரைக் கூட்டிவருகிறேன், நானும் ஓடுகிறேன் என்றார்.

அதற்கும் "ஓம் சேர்" என்றேன். பிறகு மைதானத்துக்குப் போய், காத்திருந்தவர்களை ஓடச் சொன்னேன்.