நாட்டுக்கு மூன்று பேர்

கல்யாணமாகி நான் புதுச்சத்திரம் போன வருடம், அந்த வீட்டில் நான்கு ஆண்கள் ஒரு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மட்டை கிடையாது, பந்து கிடையாது. ஒரு நாற்பது பக்க நோட்டுதான். உலகத்தில் எங்கெங்கோ டெஸ்ட் ஆடுகிறவர்களிலிருந்து ஆளுக்குப் பதினோரு பேரை முறைவைத்துப் பொறுக்கிக்கொள்வார்கள். ஒருவர் எடுத்த ஆளை இன்னொருவர் எடுக்கக் கூடாது. ஒரே நாட்டிலிருந்து மூன்று பேருக்கு மேல் கூடாது. மறுநாள் பேப்பரில் ஸ்கோர் பார்த்து, ரன்னுக்கு ஒரு மார்க், விக்கெட்டுக்கு இருபது.

இந்தப் பைத்தியம் எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் என் அண்ணனும் நானும், எதிர்வீட்டு இரண்டு பையன்களும் பள்ளிக்கூட நாளிலிருந்து இதைத்தான் ஆடினோம். எனக்கென்று ஓர் அணி, பத்து வருடம். அண்ணனை நான் தோற்கடித்த தொடர்கள் உண்டு. அவன் ஒத்துக்கொள்ள மாட்டான். அதனால் புகுந்த வீட்டில் அந்த நோட்டைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி இந்த வீட்டில் காலம் தள்ளிவிடலாம் என்றே தோன்றியது.

நோட்டு என் மூத்தாரிடம் இருந்தது. என் கணவருக்குப் பெரியப்பா மகன். கூட்டல் அவருக்கு உதைக்கும் என்பதால் என்னைக் கூப்பிட்டுக் கூட்டச் சொல்வார். நானும் கூட்டிக் கொடுப்பேன், வாயை மூடிக்கொண்டு. ஐப்பசி பிறந்ததும் நால்வரில் ஒருவர் ரிக் வண்டியோடு ஆந்திரா பக்கம் போர்வெல் போடப் போய்விட்டார். ஓர் அணி காலி. விடுவேனா நான்?

“பெரிய மாமா, அந்த எடத்த நான் எடுத்துக்கட்டுங்களா?”

“இது பங்காளிக ஆட்டம் அம்மிணி,” என்றார் மூத்தார். “இந்த ஊட்டுல பொறந்தவங்களுக்குத்தான். நீ கூட்டிக் குடு, போதும்.”

அவர் அதட்டிச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. போகட்டும், நமக்கென்று சேலத்தில் ஓர் அணி இருக்கிறது, தலைதீபாவளிக்குப் போகும்போது ஆட்களைப் பொறுக்கி வைத்துவிட்டு வரலாம், ஸ்கோரைத் தபாலில் பேசிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரத்தலையோடு அண்ணனின் நோட்டை எடுத்துப் பிரித்தேன். புதுத் தொடருக்குக் கட்டம் போட்டிருந்தான். என் கட்டத்தின் தலையில் அவனோடு வேலை பார்க்கும் ஒருவரின் பெயர்.

“என்னண்ணா இது? என் டீம் எங்கே?”

“நீதான் போயிட்டியே,” என்றான், பட்டாசைப் பிரித்துக்கொண்டே. “டீம் சும்மா கெடக்குமா?”

இதைச் சொன்னபோது அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். பெற்றவர்கள் தாரை வார்த்துக் கொடுத்தபோதுகூட அப்படி அழவில்லை. புதுப்புடவை, பலகாரம், மாப்பிள்ளைக்கு மோதிரம், எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. அந்த நோட்டுக் கட்டத்தில் என் பெயர் மட்டும் இல்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் சிரிக்க மாட்டார்களா?

கார்த்திகையில் மூன்று நாடுகளில் ஒரே சமயத்தில் டெஸ்ட் தொடர்கள் வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, மூத்தாரும் என் கணவரும் கொழுந்தனும் கூடத்தில் உட்கார்ந்து ஆள் பொறுக்கினார்கள். நான் வேர்க்கடலை வறுத்துக் கொண்டுபோய் வைத்தேன். கொழுந்தன் இங்கிலாந்தில் மூன்று பேரை எடுத்து முடித்துவிட்டு, நான்காவதாக இன்னொரு இங்கிலாந்து மட்டையாளரின் பெயரைச் சொன்னார்.

“மூணு ஆச்சு தம்பி, எழுதமாட்டேன்,” என்றார் மூத்தார்.

“அவன் பொறந்தது தென்னாப்பிரிக்காவுலீங்ணா. அதனால அவன் இங்கிலாந்து கணக்குல வரமாட்டான்.”

“நிறவெறிக்காக அந்த நாட்டத்தான் ஒதுக்கி வெச்சிருக்காங்களே, அதோட யாருமே ஆடறதில்லையே.”

“அதுக்கென்னங்? பொறந்த மண்ணு இல்லைன்னு போயிருமா?”

இருவருக்கும் குரல் ஏறியது. என் கணவர் கடலைத் தோலை ஊதிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். கடைசியில் மூத்தார் நோட்டைத் தரையில் தட்டினார்.

“எந்த நாட்டுத் தொப்பியப் போட்டுக்கிட்டு எறங்கறானோ, அவன் அந்த நாட்டுக்காரன். பொறந்த எடத்தையெல்லாம் இங்க பேசப்படாது. அவ்வளவுதான்.”

எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன.

“பெரிய மாமா,” என்றேன், “அப்படீன்னா நான் இப்ப எந்த ஊட்டுத் தொப்பியப் போட்டிருக்கேனுங்க?”

என் கணவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். “மாட்டிக்கிட்டீங்கண்ணா! நல்லா மாட்டிக்கிட்டீங்க!”

மூத்தார் நல்ல மனிதர். காலிக் கட்டத்தில் என் பெயரை எழுதினார். “சொன்ன சொல்லுக்கு நான் கட்டுப்படறேன். ஆனா ஒண்ணு அம்மிணி. இந்தப் பக்கம் தொப்பி போட்டாச்சுன்னா அப்புறம் அந்தப் பக்கம் எடம் கேக்கப்படாது. அதும் விதிதான்.”

“தெரியுமுங்க,” என்றேன். அண்ணன் சொன்னதும் இதேதான். அன்றைக்கு அதைக் கேட்டு அழுதவள், இன்றைக்கு நானே வாதாடி அதை நிலைநாட்டியிருந்தேன்.

மிச்சமிருந்தவர்களில் நல்ல ஆட்கள் நிறையப் பேர். என் முறை வந்ததும் சண்டைக்குக் காரணமான அந்த மட்டையாளரைத்தான் முதலில் எடுத்தேன்.

“இதுக்கா நங்கை இவ்வளவு மல்லுக்கட்டுனீங்க?” என்றார் கொழுந்தன். அண்ணியை அந்தப் பக்கம் நங்கை என்பார்கள்.

முதல் டெஸ்டில் அந்த மனிதர் பத்து ரன்கூட எடுக்காமல் போனார். பேப்பரை நீட்டிக் காட்டிக் கொழுந்தன் குதித்தார். மூத்தாருக்கு என்மேல் பாவமாகிவிட்டது.

“ஒரு ஆள மாத்திக்கலாம் அம்மிணி. புது ஆளுக்கு ஒரு சலுகை.”

“வேண்டாமுங்க,” என்றேன். “இங்கயும் வேண்டாம்னுட்டா அவர் எங்க போவார்?”