கீழ்வீட்டு அக்காவின் போத்தல்

என் மேசையின் கடைசி இழுப்பறையில் ஒரு பிளாஸ்டிக் போத்தல் கிடக்கிறது. அடியில் செம்மண், மேலே தெளிந்த தண்ணீர். துப்புரவுக்கு வரும் அம்மா ஒருநாள் அதைக் குப்பையில் போடப் பார்த்தார். கத்திவிட்டேன். பாவம், அவருக்கு என்ன தெரியும்?

அதைக் கொண்டுவந்தவரைக் கீழ்வீட்டு அக்கா என்போம். அனுமதியில்லாமல் மலைச்சரிவில் காடழிப்பவர்களைக் கண்காணிப்பது எங்கள் அலுவலகத்தின் வேலை. அக்கா வீட்டுக்கு மேலே இருந்த சரிவை ஒரு முதலாளி டுரியான் தோட்டம் போடுவதற்காக மொட்டையடித்திருந்தார். வழக்குக்குப் பதிலாக அவரிடம் இணக்க ஒப்பந்தம் எழுதி வாங்கினோம். மரக்கன்றுகளைத் திரும்ப நட வேண்டும்; சேறு கீழே இறங்காமல் தடுக்கும் குழிகளை வாராவாரம் சுத்தம் செய்ய வேண்டும். தவறினால் நீதிமன்றம்.

பெருமழை பெய்த மறுநாள் அக்கா வந்துவிடுவார். வீட்டுக்குப் பின்னால் ஓடும் லோங்காங் சாக்கடையில் தண்ணீர் மொண்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்து, மண் படிந்ததும் கவுண்டரில் வைப்பார். பிறகு போத்தலின் வெளிப்பக்கம் விரலைப் படுக்கவைத்து, அடியில் படிந்த மண்ணை அளப்பார். "ஒரு விரல்னா குழிய சுத்தம் பண்ணியிருக்கான். ரெண்டு விரல்னா ஏமாத்துறான், தம்பி." எங்கள் ஆட்கள் எடுத்துவரும் படங்களைவிட அந்த விரல் உண்மை பேசியது. அவர் கணவர் பக்கவாதத்தில் விழுந்து, சரிவைப் பார்த்த பின்னறையில் கிடந்தார். முன்னறைக்கு மாற்றக்கூடாதா என்று கேட்டேன். "அந்தக் கட்டில் வாசல்ல நுழையாது லா. மண்ணு வந்தா அவர் எழுந்து ஓடவா முடியும்? அதான் உங்ககிட்ட ஓடி வரேன்" என்றார்.

மழைக்காலம் வந்தது. கன்றுகளை நட்டால் அடித்துக்கொண்டு போகும், மூன்று மாதம் பொறுங்கள் என்று முதலாளி கேட்டார். நியாயம்தான். "கன்று நடுவதை மட்டும் ஒத்திவை" என்றார் மேலதிகாரி. வெள்ளிக்கிழமை மாலை, எனக்கு வீட்டுக்குப் போகும் அவசரம். கணினியில் இருந்த பழைய கடிதம் ஒன்றைத் திறந்து, பெயரையும் கோப்பு எண்ணையும் மாற்றி அனுப்பினேன். அந்தக் கடிதமோ ஒப்பந்தம் முழுவதையும் ஒத்திவைக்கும் கடிதம். என்னை நம்பி மேலதிகாரியும் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த வாரமே முதலாளி குழிகளைச் சுத்தம் செய்யும் ஆட்களை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்.

அக்கா வந்தார். இரண்டு விரல். கோப்பைத் திறந்தேன், கடிதத்தின் தலைப்பை மட்டும் பார்த்தேன். முழுதாகப் படித்திருக்கலாம், ஒரு நிமிட வேலை. "ஒத்திவச்சிருக்குக்கா, மழை முடியட்டும்" என்றேன்.

"அப்ப மழைக்கும் ஒரு சூராட் போட்டு நிக்கச் சொல்லுங்க லா, தம்பி!"

மழைக்கும் ஒரு கடிதம் என்றதும் கவுண்டரில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் கிளம்ப, போத்தல் அங்கேயே நின்றுவிட்டது.

நான்காம் நாள் காலை சரிவு இறங்கியது. அக்கா பாசாருக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தார். பின்னறை மட்டும்தான் புதைந்தது.

ஒத்திவைப்பை நீக்கும் கடிதத்தை அன்றே நான்தான் தட்டச்சு செய்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். முதலாளி நான் முன்பு அனுப்பிய ஒத்திவைப்புக் கடிதத்தைக் காட்டித் தப்பித்துக்கொண்டார். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அவ்வளவுதான். அதைவிடப் பெரிய தண்டனை கொடுத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

நாற்பதாம் நாள் பூசை முடிந்து அக்கா வந்தார். கையில் போத்தல் இல்லை. எண்சீட்டு எடுத்து, முறை வரும்வரை உட்கார்ந்திருந்தார்.

"குழிய சுத்தம் பண்ணச் சொல்லி சூராட் போட்டாச்சா?"

"போட்டாச்சுக்கா." அதற்குமேல் தாங்கவில்லை. "தப்பு என்னுதுதான், அக்கா. நான்தான் படிக்காம அனுப்பிட்டேன்."

"தெரியும். அந்த முதலாளி சூராட்டக் காட்டினான்." எண்சீட்டைக் கவுண்டரில் வைத்தார். "அன்னிக்கு நீங்க சிரிச்சீங்களே, தம்பி. சிரிக்கிறாரே, அப்ப ஒண்ணும் ஆகாதுன்னு நம்பித்தான் நானும் வீட்டுக்குப் போனேன்."

பிறகு அவர் வரவேயில்லை.

இன்று காலை டத்தோ கிராமாட்டில் நான் பஸ் ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது. அலுவலகம் வந்ததும் இழுப்பறையைத் திறந்தேன். போத்தலை அசைக்காமல் எடுத்து, மண்ணுக்கு நேராக வெளியே விரலை வைத்துப் பார்த்தேன். இரண்டு விரல்.