இரவல் மண்வெட்டி

எங்கள் பெரியம்மாவைப் போல இரவல் வாங்கிய ஒருவரை நான் இன்றுவரை கண்டதில்லை. வீட்டில் இல்லாததற்கு இரவல் வாங்குவது ஊர் வழக்கம். பெரியம்மாவோ இருப்பதற்கும் வாங்குவார்.

இடம்பெயர்ந்து அலைந்துவிட்டு, கொடிகாமத்துக்கு உள்ளே ஓர் ஒடுங்கிய மண் ஒழுங்கையில் குடியேறிய புதிது. அங்கிருந்த எல்லோருமே எங்களைப் போல எங்கெங்கோ இருந்து வந்து சேர்ந்தவர்கள். வேலியை உயர்த்தி அடைத்துவிட்டு அவரவர் பாட்டில் இருந்தார்கள். பெரியம்மா மட்டும் வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பொட்டு வைத்தார். அதற்குள்ளால் போய் அரிதட்டு, ஏணி, கடகம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தார். திருப்பிக் கொடுக்கும்போது வெறும் கடகமாகக் கொடுக்கமாட்டார், நாலு கத்தரிக்காயாவது உள்ளே கிடக்கும். நிவாரணத்தில் கிடைத்த புது மண்வெட்டி கட்டிலின் கீழே துருப்பிடிக்க, அதையும் அடுத்த வீட்டில் இரவல் கேட்பார். கஞ்சத்தனம் என்று நினைத்தேன். எனக்கு மானம் போனது.

அந்த மார்கழியில் மழை விட்டபாடில்லை. ஒழுங்கையில் முழங்காலுக்கு மேல் வெள்ளம். விடிந்தால் அக்காவுக்கு ஓ.எல். பரீட்சை தொடக்கம். பிரதேச சபையில் முறையிடப் போன அப்பா, மழை விட்டதும் ஆள் வரும் என்ற பதிலோடு நனைந்து திரும்பினார். பரீட்சை போனால் ஒரு வருடம் போச்சு என்று அக்கா அழுதாள். அவள் அழுததைப் பார்த்து நானும் அழுதேன்.

பெரியம்மா உரப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பொட்டுக்குள்ளால் நுழைந்தார். நானும் பின்னால் ஓடினேன்.

“தங்கச்சி, உங்கடை மண்வெட்டியை ஒருக்காத் தாங்கோ.”

எனக்குப் பொறுக்கவில்லை. “எங்கடை கட்டிலுக்குக் கீழை புதுசு ஒண்டு கிடக்கு, பெரியம்மா!” என்று கத்திவிட்டேன்.

பெரியம்மா வானத்தைப் பார்த்தார். அடுத்த வீட்டு மாமி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“அது புதுசெல்லே பிள்ளை, கைக்குப் பழகாது. நானே கொண்டு வாறன். இவரையும் கூட்டிக்கொண்டு வாறன்.”

மாமியின் கணவர் மேசன். தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்று பார்த்தவுடன் சொல்லிவிட்டார். அது கடைசி வீட்டு ஐயாவின் வளவுக்கு ஊடாகத்தான் குளத்துக்கு இறங்குமாம். வேலி ஒரு விரற்கடை நகர்ந்தாலும் வழக்கு என்று கோட்டுக்குப் போகிற மனிதர் அவர். பெரியம்மா தயங்காமல் போய் அவரிடம் மண் கிண்ட ஓர் அலவாங்கு கேட்டார்.

“போனமுறை நீ தந்த முருங்கைக்காய் நல்லாயிருந்தது” என்றார் ஐயா. பிறகு அலவாங்கைத் தானே தூக்கி வந்து, தன் வேலியைத் தானே பிரித்தார். ஒழுங்கையே திரண்டு வந்து வாய்க்கால் வெட்டியது. பொழுதுபடுவதற்குள் வெள்ளம் வடிந்தது. மறுநாள் அக்கா வெள்ளைச் சப்பாத்து நனையாமல் பரீட்சைக்குப் போனாள்.

எனக்கோ ஒரே பயம். பெரியம்மாவின் குட்டை உடைத்துவிட்டேனே, இனி இந்த ஒழுங்கையில் அவரை யார் மதிப்பார்கள் என்று கன நாள் கவலைப்பட்டேன்.

அந்த நிவாரண மண்வெட்டிகள் எல்லாம் ஒரே லொறியில் வந்தவை. வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். வரிசையில் பெரியம்மாவுக்கு அடுத்ததாக நின்று வாங்கியவர் அந்த மாமிதான்.