கொட்டில் கதவில் கங்காணியார் கம்பு

திங்கட்கிழமை காலை பால் வரவில்லை. வழக்கமாகச் செம்போடு வரும் மரியாள் வெறுங்கையோடு கடை வாசலில் நின்றாள். "தாத்தா போயிட்டாருங்க" என்றாள். நிறுத்துக்கொண்டிருந்த புண்ணாக்கைத் தராசிலேயே விட்டுவிட்டு அவளோடு நடந்தேன்.

மரியாளின் தாத்தா சவரிமுத்துக் கங்காணியாரைத் தேயிலைத் தோட்டத்தில் கண்டவர்கள் அவர் குரலை மறந்திருக்கமாட்டார்கள். விடியுமுன் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டில் அவர் ஒரு அதட்டுப் போட்டால் லயக் குடியிருப்பே எழுந்து நிற்கும். கங்காணி வேலையை விட்டபின், அந்தக் குரலோடும் கையில் ஒரு கம்போடும்தான் பதுளையில் என் கடைக்குப் பின்னாலிருந்த துண்டு நிலத்துக்குக் குடிவந்தார். அவர் மகள் மரியாளைப் பெற்றதும் இறந்துபோயிருந்தாள். கைக்குழந்தைக்குப் பால் வேண்டுமென்று வெலிமடைப் பக்கமிருந்து ஒரு கறவைப் பசுவைக் கன்றோடு ஓட்டிவந்தார். மாடு வளர்க்க அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் புண்ணாக்கு விற்பது.

பசுவுக்கும் அவர் பெரட்டுதான் வைத்தார். இருட்டில் கம்பால் கதவைத் தட்டி ஒரு அதட்டல். பசு எழுந்தது, ஒழுங்காக நின்றது. பால் மட்டும் இறங்கவில்லை. கன்றுக்குச் சுரக்கும், கங்காணியார் உட்கார்ந்தால் அடக்கிக்கொள்ளும். தீனியைக் கூட்டச் சொன்னேன். தின்றுவிட்டு அடக்கிக்கொண்டது. பிள்ளை கஞ்சித் தண்ணீரில் வாடிப்போனது. தங்காது என்றே பயந்தேன்.

ஒருநாள் மழையில் நனைந்து அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அழுகிற பிள்ளை தோளில் கிடந்ததால் கம்பெடுக்கவும் கையில்லை. என்னைக் கறக்கச் சொல்லிவிட்டு, கரகரத்த குரலில் ஒரு மாதா பாட்டை முனகியபடி பசுவின் கழுத்தருகே நின்றார். தராசு பிடித்த கைக்கா பால் வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டே கன்றை ஊட்டவிட்டு, இழுத்துக் கட்டிவிட்டு உட்கார்ந்தேன். செம்பு நிறைந்தது.

என்னை அண்ணன் முறையில் நானா என்றழைக்கும் அவர், பிள்ளை குடித்துத் தூங்கியபிறகுதான் பேசினார். "அதட்டுனா எந்திரிச்சு நிக்கும் நானா. பால் குடுக்காது." பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டு, "அத்தன வருசமா எம் முன்னால நின்ன ஆளுங்க என்னென்னத்த அடக்கிக்கிட்டு நின்னாங்களோ" என்றார்.

அன்றே அந்தக் கம்பைக் கொட்டில் கதவுக்குக் குறுக்கே தாழாகச் செருகினார். பிறகு வேறு எதற்கும் அதை எடுக்கவில்லை. அந்தப் பசுவின் வழிவந்தவைதான் இன்று கொட்டிலில் நிற்கின்றன.

அடக்கம் முடிந்து திரும்புகையில் தோட்டத்துப் பழைய ஆட்கள் அவர் அதட்டலை நடித்துக் காட்டினார்கள். மரியாள் புரியாமல் விழித்தாள். "வேற யாரையோ சொல்றீங்க. எங்க தாத்தா சத்தமா பேசுனதே இல்ல" என்றாள்.

ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று கம்பைக் கொடுக்க வந்தாள். அது கதவிலேயே இருக்கட்டும் என்றுவிட்டேன். எனக்கு அன்று கொட்டிலில் அவர் சொன்ன பேச்சு இருக்கிறது. கடை ஆட்களை அதட்ட வாயெடுக்கும்போதெல்லாம் அது குறுக்கே வந்து விழுகிறது.